மீதி ஒன்று

கோட்டூர் கொள்முதல் நிலையத்தை மூடிய அன்று
பேரேட்டின் கடைசி வரியில் நின்றது:
முப்பதாயிரத்து முப்பத்தொரு சிப்பம்.
மூன்று முறை கூட்டினேன். அதேதான்.

சுமைக்காரர்கள் பதின்மூன்று பேர்.
கூலி பிரிக்க வேண்டும்.
ஆளுக்கு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து,
ஒரு சிப்பம் மிச்சம்.
"அது யாரு தூக்குன மூட்ட?" என்றார் வைரக்கண்ணு.

பாதியில் நின்றுபோன இருவரைக் கழித்து
பதினொன்றால் வகுத்துப் பார்த்தேன். ஒன்று மிச்சம்.
ஏழால். ஒன்று.
ஐந்துக்கும் ஒன்று, மூன்றுக்கும் ஒன்று,
இரண்டுக்குச் சொல்லவே வேண்டாம்.
எந்தக் கணக்கிலும் அதே ஒற்றை மூட்டை
தைத்த வாயோடு வெளியே உட்கார்ந்திருந்தது.

காரணம் பிடிபட்டபோது சிரித்துவிட்டேன்.
இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு,
பதினொன்று, பதின்மூன்று:
ஆறையும் பெருக்கினால் முப்பதாயிரத்து முப்பது.
எங்கள் எண் அதற்கு அடுத்த வீடு.
ஆறு பேரும் கதவைத் தட்டிவிட்டுத்
திரும்ப வேண்டியதுதான்.

பகா எண் என்று மனதில் தீர்ப்பெழுதினேன்.
மன்னார்குடிக் கல்லூரியில்
இரண்டு அரியரோடு முடித்த கணக்குப் பட்டதாரி.
யாராலும் பிரிக்க முடியாத ஒன்று
என் கையெழுத்தில் இருக்கிறதென்று
கொஞ்சம் கர்வம்தான்.

இரவு, பங்குனியில் பெய்யக்கூடாத மழை.
கரண்ட் இல்லை. கடைசி லாரி வரவில்லை.
தார்ப்பாய்க்கடியில், செல்போன் வெளிச்சத்தில்,
எடைச்சீட்டின் முதுகில் வகுத்துக்கொண்டே போனேன்.

பதினேழு, ஈரப்பதத்துக்கு வைத்த வரம்பு:
ஒன்பது மீந்தது.
பத்தொன்பதுக்குப் பதினொன்று.
இருபத்து மூன்றுக்கும் இருபத்தொன்பதுக்கும்
சொல்லிவைத்தாற்போல் பதினாறு.
நாற்பத்தேழில் நாற்பத்தைந்து,
இன்னும் இரண்டு மூட்டை இருந்தால் தீர்ந்திருக்கும்.
ஐம்பத்து மூன்றில் முப்பத்து மூன்று.
கை வலித்தது. பாமணியாறு பக்கம் தவளைச் சத்தம்.
ஐம்பத்தொன்பதில்
ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுபக்கம் ஐந்நூற்றொன்பது
நனையாமல் நின்றது.

ஐம்பத்தொன்பது நாள்தான் திறந்திருந்தோம்.
அப்படியானால் நாளுக்கு ஐந்நூற்றொன்பது,
ஒரு சிப்பம் கூடாமல், குறையாமல்.
பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
தைக் கடைசி மழையில் நான்கு நாள் பூஜ்யம்.
சாக்கு வராத வியாழக்கிழமை, பன்னிரண்டு.
மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள்
ஆயிரத்து நூற்று முப்பது, அன்றுதான்
வைரக்கண்ணுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.
ஐந்நூற்றொன்பது வந்த நாள்
ஒன்றுகூட இல்லை.

விடியலில் நிஜாமுதீன் லாரியோடு வந்தார்.
"பிரியுதுண்ணே," என்றேன்,
"ஐம்பத்தொம்பது பேர் இருந்தா சரியாப் பிரியுது."
வைரக்கண்ணு தலைத்துண்டை உதறிக் கட்டினார்.
"நாங்க பதிமூணு பேருதான?"

மிச்சச் சிப்பத்தின் கூலி பத்து ரூபாய்.
பன்னிரண்டு பேரும் பார்த்திருக்க
எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கிவந்து
என் பேரேட்டின் மேல் வைத்தார்.
கிளாஸின் அடி பதிந்த வட்டம்
இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது,
மொத்தத்துக்குப் பக்கத்தில்,
பூஜ்யம் மாதிரி.