நெல்லின் இரண்டாவது குடை

ஹிஹோன் நகரத்தில் மழை
வரும், போகும் என்றில்லை.
குடியிருக்கிறது,
வாடகை தராமல்.

ஆகவே ஆளுக்கொரு குடை.
நெல்லுக்கு மட்டும் இரண்டு.
(அவன் பெயர் நெல்தான்.
மானுவலை அந்தப் பக்கம் அப்படிச் சுருக்குவார்கள்.
லிஃப்ட் பழுது பார்ப்பவன்.)
கம்பெனி கொடுத்த மஞ்சள் குடைகள்:
ஒன்றில் அம்புக்குறி மேலே,
மற்றதில் கீழே.

வியாழன்தோறும் எட்டு மணிக்கு
பழைய மீன் ஏலக்கூடத்து மாடியில்
பாட்டுக்குழு ஒத்திகை.
நெல்லும் கொவதோங்காவும் ஒரு ஜோடி.
ஃபெர்மினும் இட்சியாரும் ஒரு ஜோடி.
தாளில் அப்படி.

பியானோக்காரி எலாதியாவுக்குத் தாள் வேண்டாம்.
இரண்டு பேர் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால்
வேறெங்கோ பழகிய மூச்சு அது.
மார்ச்சில் இட்சியாரின் மூச்சு
நெல்லோடு போய் விழுந்தது.
ஏப்ரலில் கொவதோங்காவினுடையது
ஃபெர்மினோடு.
எலாதியா பக்கத்தைத் திருப்பினாள்.
சம்பளம் வாசிக்கத்தான்.

"உன் பெண்டாட்டி உன்னைக் கவனிக்கவே இல்லை"
என்று நெல்லுக்காக வருந்தினாள் இட்சியார்.
உண்மையான வருத்தம்.
அதே செவ்வாய், நான்கு தெரு தள்ளி,
ஒரே ஒரு சொல்லை மாற்றி
ஃபெர்மின் கொவதோங்காவுக்காக
வருந்திக்கொண்டிருந்தான்.

நம் மருதத்தில்
பிழை செய்து திரும்பியவனைத்
தோழி வாசலில் மறிப்பாள்.
இங்கே தோழிதான் வாசலைத் திறந்தாள்.
போதாததற்கு நெல் வேறு,
ஒரு வயலும் இல்லாத ஊரில்.

மே மாதம்.
கொவதோங்கா வீட்டிலிருந்து கிளம்பும்போது
மழை வலுத்தது.
ஃபெர்மின் கைக்கு அகப்பட்ட குடையை எடுத்தான்.
பதினெட்டு வருடமாக டிரைவிங் பள்ளியில்
"கண்ணாடியைப் பார், பின்னால் பார்" என்று
ஊருக்கே சொன்னவன்
எதையும் பார்க்காமல் நடந்தான்.

வீடு. கதவு. மிதியடி.
அவன் வீட்டுக் குடைத்தொட்டியில்
மஞ்சள். கீழ் அம்பு.
நுனியில் இன்னும் ஒரு சொட்டு.

இட்சியார் சமையலறையிலிருந்து வந்தாள்.
அவள் அவன் கையைப் பார்த்தாள்.
அவன் தொட்டியைப் பார்த்தான்.
இருந்தது ஒரே கேள்வி.
யார் கேட்டாலும்
கேட்டவரையே திருப்பிக் கேட்கும்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில்
வயலின் எழும்பும்;
ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து
எட்டுப் பேர் ஆடிக்கொண்டு வருவார்கள்.
நமக்குத் தெரியாததா.
இருவருமே நன்றாகப் பாடக்கூடியவர்கள்தான்.
ஆனால் மேல்மாடியில் யாரோ
கழிப்பறைத் தண்ணீரை இழுத்துவிட்டார்கள்.

"லிஃப்ட் பழுது," என்றாள் இட்சியார்.
"அதனால் வந்தான்."
ஃபெர்மின் யோசித்தான்.
"நம் கட்டடத்தில் லிஃப்டே இல்லையே."
அவள் மூக்கு வழியாகத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
பிறகு அவனுக்கு.
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்,
அது எப்போது வேறொன்றாக மாறியது என்று
இருவருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஃபெர்மின்
இரண்டு குடைகளையும் பியானோ மேல் வைத்தான்.
நெல் எண்ணினான்: இரண்டு.
கொவதோங்காவும் எண்ணினாள்.
அன்று நால்வரும்
நான்கு இடத்தில் மூச்சு வாங்கினார்கள்.
பாட்டு கந்தல்.
"மறுபடி," என்றாள் எலாதியா.
"குடையை எடுங்கள். நனைகிறது."

ஒத்திகை முடிந்தால் சைடர் கடை. வழக்கம்.
ஊற்றுபவன் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி
குவளையைத் தொடைக்குக் கீழே பிடிப்பான்.
பாதி தரையில் கிடக்கும் மரத்தூளுக்கு.
எத்தனை பேர் வந்தாலும் குவளை ஒன்று.
ஒரே மடக்கு; மிச்சச் சொட்டை
உதடு பட்ட விளிம்பு வழியே கொட்டி
அடுத்தவருக்கு.

ஃபெர்மின் குடித்தான், கொட்டினான்.
நெல் குடித்தான், கொட்டினான்.
இட்சியார்.
கொவதோங்கா குவளையை வாங்கி
விளிம்பையே பார்த்தாள்.
"எவ்வளவு கொட்டினால் போகும்?"
யாரையும் கேட்கவில்லை.

ஊற்றுபவனுக்குக் காது மந்தம்.
இன்னும் வேண்டும் என்கிறாள் என்று நினைத்து
புட்டியைத்
தலைக்கு மேல் தூக்கினான்.