பொருள்: பிளம் தொக்கு

சாவி உருவாகிறது, சுட்டியை இஷ்டம்போல் அசையுங்கள்
என்றது திரை.
இஷ்டம்போல் எதையும் அசைத்துப் பழகாத கை.
மேசை துடைப்பதுபோல் வட்டமாகத் தேய்த்தேன்.
ருஸ்தாவியில் மழை.
பக்கத்து அறையில் மல்காஸின் குறட்டை.
காலை ஆறு மணி ஷிப்ட் அவனுக்கு, உலை வாசலில்.
அந்த உலையின் தூசியை
எடைபோட்டு எழுதுகிறவள் நான்.

இரண்டு சாவிகள் பிறந்தன.
ஒன்றை ஊருக்கே கொடு, அதற்குப் பூட்ட மட்டும்தான் தெரியும்,
இன்னொன்றைப் பெற்ற தாய்க்கும் காட்டாதே
என்றிருந்தான் தோர்னிகே.
பதற்றத்தில் இரண்டையும் சேர்த்தே
அவனுக்கு அனுப்பிவைத்தேன்.
அவன் திட்டவில்லை. "அழி. முதலிலிருந்து."
மறுபடி சுட்டி. மறுபடி மழை.

கடவுச்சொல் போதாதாம், கடவுத்தொடர் வேண்டுமாம்.
நீளமாக. எங்கும் எழுதிவைக்காமல்.
மகள் பெயர் கூடாது, பிறந்தநாள் கூடாது.
பிரியமானதெல்லாம் எளிதில் உடையும் என்று
அன்றுதான் தெரிந்தது.
கிழிந்த சீட்டு மார்ஷ்ருத்கா, பல் டாக்டரின் மூன்று பச்சைப் பொத்தான்கள்...
இதைச் சொல்லியிருக்கக் கூடாது.
மாற்றிவிட்டேன்.

சாவியின் கைரேகையைச் சரிபார்க்க
மீன்கடை ஃபோன்.
நான்கு நான்காக நாற்பது எழுத்து.
"ஏழு, டி, மூன்று, ஒன்பது..."
லாட்டரியா, என்றாள் மீன்காரி லமாரா.
ஆமாம்.
விழுந்தால் எனக்கும் பங்கு வை.

முதல் மடல்: அங்கே மழையா?
பூட்டாமலே போய்விட்டது.
நல்லவேளை, மழை ரகசியமில்லை.
இரண்டாவது பூட்டிக்கொண்டது,
எனக்கு மட்டுமே திறந்தது.
மூன்றாவதற்குப் பதில் வந்தது,
பக்கம் முழுக்க எறும்பு மொய்த்தாற்போல் எழுத்து.
தொடரைத் தட்டினேன்.
எறும்புகள் வரிசைக்கு வந்தன:
இங்கே வெயில்.
இரண்டே சொல். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்புறம் அந்த அட்டவணை.
பதினேழு மாதம். ஈயம், மாங்கனீசு.
நான் எழுதிய எண், பக்கத்தில்
அவர்கள் திருத்திய எண்.
உள்ளே இருப்பதெல்லாம் பூட்டுக்குள் போகும்,
பொருள் வரி மட்டும் அம்மணம்,
உறைமேல் எழுதிய விலாசம் மாதிரி.
பொருள் என்ற கட்டத்தில் விரல் நின்றது.
பொருளை மறைக்க ஒரு பொருள் வேண்டும்.
ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மரம்.
"பிளம் தொக்கு செய்முறை" என்று அடித்து
அனுப்பிவிட்டேன்.

விடிகாலை, ஷூ மாட்டிக்கொண்டே மல்காஸ்:
"தொக்கா? நீயா?
உனக்கு யார் கற்றுக்கொடுத்தது, நீ யாருக்கு அனுப்புகிறாய்?"
கணினியை மூட மறந்திருக்கிறேன்.

மாலையில் இரண்டு கிலோ பச்சைப் பிளம்,
பூண்டு, புதினா, கொத்தமல்லி விதை.
கரண்டி சுற்றச் சுற்ற
உதடு தானாகத் தொடரை முணுமுணுத்தது.
அவன் விரலில் தொட்டு நக்கினான்.
இருமினான், அந்த நீள இருமல்,
சுவரைப் பிடித்துக்கொண்டு.
கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னான்:
"புளிப்பு போதாது."