பதினாறு

புளியரை எடைமேடையில் எனக்கு வேலை.
வைக்கோல் லாரி, பூசணி லாரி, ஜல்லி லாரி
எல்லாம் என் ஜன்னலைத் தாண்டித்தான் மலையேறும்.
பாரத்தோடு ஒரு எடை, வெறும் வண்டி ஒரு எடை,
கழித்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
மூணு மாசத்துக்கு ஒருதரம் லீவு கேட்டால்
முதலாளி காரணம் கேட்பதில்லை.
'போய்ட்டு வாம்மா' என்பார், கால்குலேட்டரைப் பார்த்து.

செங்கோட்டையில் நாலே முக்காலுக்குத் திருவனந்தபுரம் வண்டி.
ஆரியங்காவு வளைவுகளில்
கோமதிநாயகத்தின் தலை என் தோளில் இடிக்கும்.
தூக்கத்திலேயே 'சாரி' என்பான்.
மூன்று வருஷம் முன்பு இதே வண்டியில்
நான் வாயருகே பாலிதீன் பையைப் பிடித்திருக்க
இவன் என் தொப்பியைப் பிடித்திருந்தான்,
காற்று கொண்டுபோகாமல்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
குளத்துப்புழையில் வண்டி நின்றால் டீ குடிப்போம்.

வலப்பக்கத்ததை எடுத்துவிட்டார்கள்.
சாத்துக்குடி அளவு என்றார்கள் முதலில்.
அறுத்த பிறகு தேங்காய் என்றார்கள்.
இடப்பக்கத்ததும் கருப்பையும் மிஞ்சியதில்
ஷைனி டாக்டரின் தைரியம் பாதி,
மயக்க ஊசிக்கு முன்னால்
'விட்டுத்தான் பாருங்களேன்' என்ற என் வாய் பாதி.
மதினிக்கு இன்னும் ஆறவில்லை:
'உசுரு பெருசா, பிள்ளை பெருசா?'
இலஞ்சியில் இருந்துகொண்டு எதையும் கேட்கலாம்.

ஒரே ஊசி, இரண்டு குப்பி ரத்தம்.
ஒன்றின் எண் இறங்க வேண்டும்,
மற்றதன் எண் ஏற வேண்டும்.
சாமியிடம் மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று
சில ராத்திரி விழித்துக்கொள்வேன்.

பிறகு இருட்டறை.
ஒரு லிட்டர் தண்ணீர் முட்டுகிற வயிற்றில்
அதே குளிர்ந்த களிம்பு.
திரையில் ஒரு கறுப்பு வட்டம்.

அன்றைக்கும் வட்டம்தான்.
அன்றைக்கும் ஸ்கேன் எடுத்த பெண்
பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

இவளும் நிறுத்தினாள்.
இரண்டு புள்ளி வைத்து நடுவே கோடு இழுத்தாள்.
என் கால் பெருவிரல்கள்
ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன.
'பதினாறு' என்றாள்.
நல்ல பதினாறா, கெட்ட பதினாறா?
'முட்டையாணு, சேச்சி. நல்ல முட்ட.'

பதினாறும் பெறச் சொல்லித்தான்
கல்யாணத்தில் அட்சதை போட்டார்கள்.
மில்லிமீட்டர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சம் வளர்ந்து தானே வெடிக்குமாம்.
புதன், இல்லையென்றால் வியாழன்.
ஷைனி டாக்டர் சீட்டில் தேதிகளை வட்டம் போட்டாள்.
வட்டம் போடாத டாக்டரே கிடையாதா?
'நாலு நாளைக்கு ரெண்டு பேரும்
சண்டை போடக் கூடாது' என்றாள், சிரிக்காமல்.
ரத்த முடிவு வெள்ளிக்கிழமைதான் வரும்.
எது முதலில் என்று நான் கேட்கவில்லை.

வெளியே பழம்பொரிக் கடைக்காரர்,
மொட்டைத் தலை நாளிலிருந்து என்னைத் தெரிந்தவர்,
எண்ணெயிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்:
'எந்துண்டு விசேஷம்?'

எங்கள் பக்கம் இதே சொல்லைக் கேட்டால்
கேட்டவள் கண் வயிற்றுக்குப் போகும்.
ரேஷன் வரிசையில், சடங்கு வீட்டுப் பந்தியில்,
ஒருமுறை தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடும்போதுகூட.
'விசேஷம் உண்டா?'
உண்டென்றால் அது ஒன்றுதான்.
மலைக்கு இந்தப் பக்கம்
மழை உண்டா, வண்டி நேரத்துக்கு வந்ததா,
எல்லாமே விசேஷம்.

'பதினாறு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
'பதினாறு பழம்பொரியா?'
'நாலு போதும்' என்றான் கோமதிநாயகம்,
காகிதத்தை வாங்க நீட்டிய அவன் கை
நேராக நிற்கவில்லை.

திரும்பும்போது நல்ல மழை.
புளியரையில் இரவுப் பையன்
ஏதோ ஒரு லாரியை மேடையில் ஏற்றிக்கொண்டிருந்தான்.
நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
இடப்பக்கம் சாயாமல் உட்கார்ந்திருந்தேன்,
யாரும் சொல்லாமலே.