ஓ. சில்வன்

அடையாள அட்டையில் நான் ஓ. சில்வன்.
வங்கியில் கேட்பார்கள்: 'ஓ' என்றால் தகப்பன் பெயரா?
தகப்பன் மாணிக்கராசா என்பேன்.
அப்ப 'மா' எங்கே என்பார்கள்.

ஓசலிவன் என்றொருவன்,
அயர்லாந்துக்காரன்,
கோட்டைப் பட்டாளத்துக் குதிரைகளுக்கு லாடம் அடித்தவன்.
கோயில் பதிவேட்டைப் பாதர் விரித்துக் காட்டினார்.
பெண்சாதியின் பெயரைக் கறையான் தின்றிருந்தது.
ஊரை மட்டும் விட்டுவைத்திருந்தது: சம்பூர்.

ஞாயிறு காலை, இறங்குதுறையில் மூதூர் வள்ளம்.
நடுக்கடலில் மகள் சத்தி எடுத்தாள்.
பிறகு ஓட்டோ, பாலம், புழுதி.
'செம்பட்டையன் வளவா? அந்தா'
என்றான் சைக்கிள் பையன்.
யார் செம்பட்டையன் என்று அவனுக்குத் தெரியாது.

ஒரு கிணறு. இரண்டு முந்திரி மரம். தகரக் கொட்டில்.
தேவமலர் வெளியே வந்தாள், பார்த்தாள்,
ஒன்றும் பேசாமல் உள்ளே போய்
பொலித்தீன் பையில் சுற்றிய உறுதியோடு திரும்பினாள்.
'முகாமில ஒன்பது வருசம்
இதத் தலைமாட்டில வச்சுத்தான் படுத்தனான்.
காணி கேட்டுத்தானே வந்தீங்க?'

இல்லை அக்கா. பெயர் கேட்டு.

'பெயருக்கு ஆராவது வள்ளம் ஏறி வருவாங்களா?'

மகள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எண்ணெய் வைத்து அமுக்கிய மயிர்
வெயிலில் துருப்பிடித்துச் சிவந்தது.
தேவமலரும் அதைக் கண்டாள்.
உறுதியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

கடைசி வள்ளம் நாலரைக்கு.
படலை வரை வந்து
முந்திரிப்பழம் தந்தாள், மூன்று.
எண்ணித்தான் தந்தாள்.