எண் நாற்பத்தொன்று

பள்ளத்தூர்க் கண்மாய்க்கு மேற்கே
செம்புறாங்கல் மேட்டை விட்டு இறங்கினால்
அறுத்துப் போட்ட கடலைக்காடு.
அங்கேதான் எங்கள் அறுபது பொறிகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடலை மிட்டாய்,
மேலே நெத்திலிக் கருவாட்டுத் தூள்.
கருவாடு அடைக்கலத்தின் யோசனை.
திட்ட அறிக்கையில் அது
‘புரதச் சேர்க்கை’ என்று போயிருக்கிறது.

எலிக்காய்ச்சல் என்கிறோம்.
எலிக்குக் காய்ச்சல் வருவதில்லை.
பெயரை அதன் தலையில் கட்டிவிட்டு
நாம்தான் படுத்துக்கொள்கிறோம்
கண் மஞ்சளித்து, கெண்டைக்கால் கடுத்து.
ஐப்பசியில் நாற்று நட்ட ராக்கு
காரைக்குடி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள்.
அதனால்தான் பணம் வந்தது, ஜீப் வந்தது, நான் வந்தேன்.
எலிக்கு என்ன ஆகிறது என்று கேட்க
ஒருவரும் பத்துக் காசு தரமாட்டார்கள்.

நாற்பத்தொன்று ஒரு வெள்ளெலி. பெண்.
வால் நுனியில் மையில் தோய்த்த மாதிரி மயிர்க்குச்சம்.
கார்த்திகையில் முதல்முறை அகப்பட்டபோது
நூற்று முப்பத்திரண்டு கிராம்.
காதில் எண் குத்துகையில்
கையுறையைக் கடித்தாள்; சரியான கடி.
பையை நனைத்த மூத்திரத்தில் ஒரு சொட்டு எடுத்து
இருட்டாக்கிய நுண்ணோக்கியில் வைத்தேன்.
வெள்ளி இழைகள் துடித்தன,
முனை மட்டும் வளைந்து,
புள்ளி வைக்க மறந்த கேள்விக்குறிகள்.

சுமக்கும் உயிருக்குப் பாதிப்பில்லை
என்று ஒரே வரியில் படித்திருந்தேன்.
தேர்வில் அதையே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

மார்கழியில் நூற்றுப் பதினெட்டு.
தையில் நூற்று ஏழு.
காம்புகள் கசங்கியிருந்தன, ஈன்றிருக்கிறாள்.
எத்தனை பிழைத்தன என்பது வளைக்குத்தான் தெரியும்.
அடுத்த வளையின் முப்பத்தெட்டு, கிருமி இல்லாதது,
ஒருமுறை ஏமாந்ததோடு சரி,
பொறிப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.
இவள் ஆறு இரவில் ஐந்து இரவு வந்தாள்.

“பசி” என்றான் அடைக்கலம்.
அவள் வருகிறாளா,
உள்ளே இருப்பது அவளை இட்டுவருகிறதா என்றேன்.
“எல்லாத்துக்கும் ஒங்களுக்கு ஒரு காரணம் வேணும் மேடம்.
நான் டீக்கடைக்குப் போறதுக்கு என்ன காரணம்?”

மாசி. விடிய இன்னும் இருந்தது.
பத்தொன்பதாம் பொறிக்குள்
மிட்டாய் அப்படியே கிடக்கிறது.
கருவாட்டை மோந்துகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை.
கம்பிவலையில் கோத்திருந்த பனியை
ஒரு கட்டம் விடாமல்
நக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளெலி தண்ணீர் தேடாது.
ஊருணி தன் கடைசிப் படியையும் காட்டிவிடும் கோடையில்
விதைக்குள் ஒளிந்த ஈரத்தை வைத்தே
காலத்தை ஓட்டிவிடும்.
ஒரு சொட்டையும் வீணாக்காமல்
சுண்டக் காய்ச்சத் தெரிந்த சிறுநீரகம்.
அது ஒழுகுகிறது.
அவ்வளவுதான். சுருண்டு விழவில்லை,
நடுங்கவில்லை, யாரும் பார்த்துப் பரிதாபப்பட
அவளிடம் ஒன்றுமே இல்லை.
பனி மட்டும் ருசிக்கிறது.

படிவத்தில் எடை உண்டு, வால் நீளம் உண்டு,
உண்ணிகளின் எண்ணிக்கைக்கு இரண்டு கட்டம் உண்டு.
தாகத்தை எங்கே எழுத?

எடை போடுமுன் எதையும் ஊட்டக் கூடாது;
விதியை எழுதியதே நான்தான்.
பாட்டில் மூடியில் ஊற்றி உள்ளே நகர்த்தினேன்.
அடைக்கலம் பீடி பற்றவைக்கிற சாக்கில்
கண்மாயைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.
மூடி காலியானது.
இன்னொரு அரை மூடி.
மீசை நனைய நிமிர்ந்து
என்னையல்ல, விடியும் பக்கத்தைப் பார்த்தாள்.

தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன்.
பக்கத்தில், பொடி எழுத்தில்:
தண்ணீரோடு.