ஏழாம் அதிகாரம்

வீட்டில் அவருக்கு ஆறாத்தை என்று பெயர்.
மிஷன் பள்ளியில் அதை அழித்து
வருஷம் இருபது டொலர் அனுப்பிய
யாரோ ஒருத்தியின் பெயரை வைத்தார்கள்: லிடியா ஹார்ட்வெல்.
அந்த லிடியா அளவெட்டியைக் கண்டதில்லை.
இந்த லிடியா பனியைக் கண்டதில்லை.
இருவரும் ஒரே பெயரில் கையெழுத்து வைத்தார்கள்.

பிறகு அங்கேயே உபாத்தியாயினி. மூன்று இறைசால், ஒரு பறை நெல்.
காலையில் வேதபாடம், தையல்,
பத்து மணிக்குச் சொல்வதெழுதல்.

'றகர ளகரப் பயிற்சி' என்று
துரைசாணிக்குச் சொல்லி வைத்திருந்தார்.
பொய்யில்லை.
'புயலுக்கு மறுநாள் வல்லைவெளியில் ஒருத்தி
வண்டியிலிருந்து இறங்கித் தனியே நடக்கிறாள்.'
மூன்று றகரம், மூன்று ளகரம்.
எண்ணிப் பாருங்கள்.

மானிப்பாய் அச்சுக்கூடத்தில்
இலக்கணம் அச்சாயிற்று, பஞ்சாங்கம் அச்சாயிற்று,
கள்ளுக்கு எதிரான துண்டுப்பிரசுரம் கட்டுக்கட்டாக.
கதை என்றால் பொய், பொய் என்றால் பாவம்,
பாவம் என்றால் நெல் நின்றுவிடும்.
அதனால் கற்பலகையில் எழுதி, பிழை திருத்தி,
ஈரத்துணியால் தினமும் துடைத்தோம் ஒரு நாவலை.

இருபது பெட்டைகள், இருபது அதிகாரம்.
ஒருத்திக்கு ஒன்று மனனம்.
எனக்கு வந்தது பதினெட்டு:
முழுக்க மழை, ஒரு ஆள்கூட வரமாட்டார்.
அழுதேன்.

முதலாம் அதிகாரம் காரைநகருக்கு வாழ்க்கைப்பட்டது.
நான்காவது மட்டுவிலில் ஆறு பிள்ளை பெற்றது.
பதினொன்று மறுபடி நீறு பூசிக்கொண்டது,
கதையில் ஒரு சொல்லும் மாற்றவில்லை.
இதற்கெல்லாம் முன்னரே,
வாந்திபேதி வருஷத்தில், ஒரே இரவில்,
ஏழாம் அதிகாரம் போய்விட்டது.
கதிராசி. பதின்மூன்று வயது.

ஆறின் முடிவில் கதாநாயகி
கீரிமலைக் கேணிப் படியில் கடிதம் ஒன்றைப் பிரிக்கிறாள்.
எட்டு தொடங்கும்போது
கூந்தல் கத்தரித்திருக்கிறது.
நாகபட்டினம் போகும் தோணியில்
புகையிலைச் சிப்பத்தின் மேல் இருந்து
சிரிக்கிறாள்.
இடையில் என்ன?
எல்லோரும்தான் கேட்டு எழுதினோம்.
கேட்டது வேறு, வைத்திருப்பது வேறு.

'திரும்பச் சொல்லுங்கள்' என்றோம்.
'அது கதிராசியிடம் கொடுத்தது.'

அடுத்த வருஷம் நான் உதவிக்கு நின்றேன்.
புதுப் பெட்டைகள், அதே வல்லைவெளி.
ஏழாம் நாள்
'எழுதுங்கள்' என்றார்,
ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார்.
வெளியே துலா ஏறி இறங்கும் சத்தம்.
ஒருத்தி என்னைப் பார்த்தாள், நான் நிலத்தைப் பார்த்தேன்.
கொஞ்ச நேரத்தில் ஒரு பலகையில் குச்சி கிறீச்சிட்டது,
பிறகு இன்னொன்றில்.

மணி அடிக்கும்வரை வரிசை வரிசையாய்ப் போய்
றகரத்தையும் ளகரத்தையும் மட்டும்
திருத்திக்கொண்டு வந்தார்.