மிளகு

மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீடு.
சாவியைத் திருப்பி நாலடி வைத்ததும்
என்னை வரவேற்க எழுந்தவை தெள்ளுப்பூச்சிகள்.
அப்போது அது தெரியாது.
கணுக்காலில் சுருக்கென்றது,
புதுக் காலுறை என்று நினைத்தேன்.

ஔஸ்மா அயர்லாந்தில் காளான் பறிக்கிறாள்.
கோடை முழுக்க அவளருகில் குனிந்து நானும் பறித்துவிட்டுக்
குளிருக்கு முன் லியெபாயாவுக்குத் திரும்பினேன்.
இங்கே இருப்பது ஒரே டிராம் தடம்,
அதை ஓட்டவும் ஆளில்லையாம்.
கீழ்வீட்டு ஹராள்ட்ஸிடம் விட்டிருந்த பூனையை
அன்றிரவே தூக்கி வந்தேன்.
பெயர் பிபார்ஸ். எங்கள் மொழியில் மிளகு.
வெள்ளை முதுகில் இறைந்த கறுப்புப் புள்ளிகளைப் பார்த்து
ஔஸ்மா வைத்தது.

அதனால்தான் ஐந்து வாரம் ஏமாந்தேன்.
வாலடியில் மிளகு கூடியிருப்பதை
எவன் எண்ணிப் பார்ப்பான்?
சொறிந்தாள். எந்தப் பூனை சொறியாது?
இடுப்பில் முடி கழன்று தோல் தெரிந்தது.
கிழவி, பதினான்கு வயது என்றேன் எனக்கு நானே.
புகைமீன் டப்பா திறக்கும் ஓசைக்கும்
எழாமல் கிடந்த அன்றுதான்
கோட்டுக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மருத்துவர் சர்மீதே அதிகம் பேசாதவர்.
உதட்டைத் தூக்கிக் காட்டினார்:
ஈறு, அணைந்த மெழுகுவர்த்தியின் நிறம்.
முதுகில் இருந்து கரும்பொடியைச் சீவி
ஈரப்பஞ்சில் உதறினார்.
ஒவ்வொரு பொடியைச் சுற்றியும்
மெதுவாக ஒரு செம்பழுப்பு வட்டம்.
"இது அழுக்கில்லை. இவள் ரத்தம்.
குடித்தவை கழித்தது."

வாலடியில் ஒட்டிய அரிசிமணி போன்ற ஒன்றையும் காட்டினார்.
நாடாப்புழுவின் துண்டு.
நக்கும்போது விழுங்கிய பூச்சிக்குள்ளிருந்து
குடலுக்குக் குடிவந்தது.
அதற்கு ஒரு மாத்திரை.
பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், ஒரு சொட்டு மருந்து.
மாதம் ஒன்று, குறைந்தது மூன்று மாதம்.
ரத்தம் ஊற ஒரு டானிக்.

"செத்த நாயின் மருந்து மிச்சமிருக்கிறது,
பாதி சொட்டு விடலாமா" என்றார் ஹராள்ட்ஸ்.
நல்ல மனிதர்.
தொலைபேசியில் கேட்டேன்.
சர்மீதே முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்:
நாய்க்கு மருந்து, பூனைக்கு வலிப்பு.
சில சமயம் சவக்குழி.

பூனையின் மேல் இருப்பது நூற்றில் ஐந்துதானாம்.
மீதி என் வீட்டில்:
பலகை இடுக்கில் முட்டை,
கம்பளத்தின் அடியில் புழு,
பட்டுக்கூட்டுக்குள் சுருண்ட கூட்டுப்புழு.
மாதக்கணக்கில் பட்டினியாகக் காத்திருக்கும்.
காலடி அதிர வேண்டும், ஓர் உடலின் சூடு வேண்டும்.
வந்ததும் பிளந்துகொண்டு குதிக்கும்.

வெறும் வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று
படியேறும்போது கொஞ்சம் அழுதிருந்தேன்.
இவ்வளவு பேர் காத்திருந்திருக்கிறார்கள்.

தினமும் உறிஞ்சு இயந்திரம், கட்டிலடி வரை.
பையை அப்போதே கட்டித் தெருத்தொட்டியில்.
இரவில் நுண்சீப்பு, சோப்புநீர்க் கிண்ணம்.
தெள்ளைத் தெள்ளித் தெள்ளி
என் கண்ணே ஒரு சல்லடை ஆயிற்று.
டிராமில் யார் கழுத்தைச் சொறிந்தாலும்
எனக்கு அரித்தது.

துணியெல்லாம் அறுபது டிகிரியில்.
அவள் படுக்கையும்தான் என்றார்.
அவள் படுக்கை
ஔஸ்மா விட்டுப்போன கம்பளிச் சட்டை.
துவைக்காமல் வைத்திருந்தேன்.
காரணம் சொல்ல வேண்டியதில்லை.
இயந்திரத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து
பொத்தானை அழுத்தினேன்.

ஏழு வயதுக் குழந்தையின் அளவில் வெளியே வந்தது.
சோப்பு வாசம் மட்டும்.
படமெடுத்து அனுப்பினேன்.
வெகு நேரம் பதிலில்லை.
பிறகு கேட்டாள்: "ஈறு என்ன நிறம்?"

இரண்டாம் சொட்டுக்குப் பின் லேசான ரோஜா.
மூன்றாம் சொட்டு போன வியாழன்.
சீவினேன், பஞ்சில் உதறினேன்.
ஈரம் மட்டும் பரவியது.

இன்று அதிகாலை முதல் வண்டிக்குக் கிளம்புமுன்
பூட்ஸோடு பலகையை ஓங்கி மிதித்துப் பார்த்தேன்.
எதுவும் எழவில்லை.
சுருங்கிய சட்டைமேல் இருந்து
பிபார்ஸ் ஒரு கண்ணைத் திறந்து,
மூடிக்கொண்டாள்.